எங்கள் தெருவுக்குக் கல்யாண மண்டபம் வருகிறது

 

போன வாரம் முழுக்க எனக்குப் போன் மேல் போன். "டீச்சர், நம்ம கூடப் படிச்சவன் கட்டுற மண்டபத்தை எதிர்த்து நீங்களே கையெழுத்துப் போட்டீங்களாமே?" என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருவன். "பெரியம்மா, தெருவே ஒண்ணா நிக்கிறப்ப நீங்க மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டீங்களாமே?" என்று சென்னையிலிருந்து தங்கை மகள். இரண்டுமே பாதி உண்மை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். நாற்பது நிமிடம் வகுப்பெடுத்துப் பழகியவளுக்கு நாலு வரியில் முடிக்க வராது.

கும்பகோணத்தில் எங்கள் தெரு உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு முனை கடைத்தெருவில் போய்ச் சேரும். மறுமுனையில் நம் பள்ளிக்கூடம். நடுவில் சின்னதாக ஒரு பிள்ளையார் கோயில். மொத்தம் நாற்பத்தொரு வீடு. மாட்டு வண்டி போன காலத்தில் போட்ட தெரு. கோயிலுக்கு எதிரே பழைய நெல் அரவை மில் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மத்தியானம் அது ஓட ஆரம்பித்தால் நான் கத்திக் கத்தி வாய்ப்பாடு சொல்லித் தருவேன். நீங்கள் வேண்டுமென்றே "கேக்கல டீச்சர்" என்பீர்கள்.

அந்த மில் மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. இடத்தை இப்போது நம் பழைய மாணவன் ஒருவன் வாங்கியிருக்கிறான். பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான். அங்கே ஏசி கல்யாண மண்டபம் கட்டப் போகிறான். கீழே சமையல்கட்டும் சாப்பாட்டுக் கூடமும். மேலே அறுநூறு பேர் உட்காரும் ஹால். சுற்றிவர இருபத்திரண்டு கார் நிற்க இடம். பிளானை மாநகராட்சியில் கொடுத்திருக்கிறான்.

விஷயம் தெரிந்ததும் தெருவில் மனு எழுதினார்கள். "இந்தத் தெருவில் மண்டபத்துக்கு அனுமதியே தரக்கூடாது" என்று மாநகராட்சிக்கும் கலெக்டருக்கும். முதல் கையெழுத்து டீச்சருடையதாக இருக்கட்டும் என்று என்னிடம்தான் முதலில் கொண்டுவந்தார்கள். நான் வாங்கி சாமி அலமாரியில் வைத்தேன். இரண்டு நாள் அப்படியே இருந்தது. கையெழுத்துப் போடக் கை வரவில்லை.

என் பிள்ளை கட்டுகிறான் என்பதால் மட்டும் அல்ல. எனக்கு ஒரு பழைய கடன் இருந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மகளுக்கே இதைப் படித்துத்தான் தெரியப் போகிறது.

2009ல் அவளுக்குக் கல்யாணம் செய்தோம். உங்களில் பலர் வந்து பந்தி பரிமாறினீர்கள். இதே ஊரில், இதேபோல ஒரு சின்னத் தெருவில் இருந்த மண்டபம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ், மூன்று வேனில் வந்தார்கள். நம் பக்கத்துக் கார்கள் வேறு. தெருவின் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ஏழரை மணி இருக்கும். மைக்கில் அறிவிப்பு வந்தது. "டிஎன் 68 வேன்காரர் எங்கிருந்தாலும் வந்து வண்டியை எடுக்கவும். பக்கத்து வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது." இரண்டு தடவை சொன்னார்கள். அதற்குள் லைட் மியூசிக் ஆரம்பித்துவிட்டது. நான் மேடை ஓரத்தில் நின்று தாம்பூலப் பையை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த அறிவிப்பை நன்றாகக் கேட்டேன். அது நாங்கள் பிடித்த வேன் என்றும் தெரியும். டிரைவர் சாப்பிடப் போயிருப்பார், யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று மறுபடியும் எண்ண ஆரம்பித்தேன்.

மறுநாள் கட்டுச்சாதம் கட்டும்போது மண்டபத்துக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மூச்சுத் திணறல். ஆட்டோ உள்ளே வர முடியவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தெருமுனைவரை தூக்கிக்கொண்டு போனார்களாம். அந்த நாற்காலிகூட நம் மண்டபத்து நாற்காலிதான். நல்லவேளை, பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த வீட்டுப் படியேறி ஒரு மன்னிப்புக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. சம்பந்தி வீட்டாரை வழியனுப்புகிற அவசரம்.

அப்படிப்பட்டவள் இன்று என் தெருவுக்கு மண்டபம் வரும்போது மட்டும் "வரவே கூடாது" என்று முதல் கையெழுத்துப் போடலாமா? இதுதான் அந்த இரண்டு நாள் என் மனதில் ஓடியது.

அதே சமயம், குற்ற உணர்ச்சியில் வாயை மூடிக்கொள்வதும் சரியில்லையே. மூன்றாவது நாள் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். கணக்குப் போட்டேன்.

முதலில் தெரு. பேரனைக் கூட்டிக்கொண்டு டேப்போடு போய் ஐந்து இடத்தில் அளந்தோம். அகலமான இடத்தில் 21 அடி. பிள்ளையார் கோயிலருகே 17 அடி. ஒரு கார் கண்ணாடியோடு சேர்த்து ஆறடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவின் இரண்டு பக்கமும் கார் நின்றால் பன்னிரண்டு அடி போயிற்று. கோயிலருகே மிச்சம் ஐந்தடி. அதில் ஆம்புலன்ஸ் நுழையாது. ஒரு பக்கம் மட்டும் நின்றால் மிச்சம் பதினோரு அடி. லாரி, பஸ், தீயணைப்பு வண்டி எல்லாம் சுமார் இரண்டரை மீட்டர் அகலம், அதாவது எட்டடிக்குக் கொஞ்சம் மேல். மெதுவாகப் போனால் போய்விடும். ஆக எங்கள் தெருவுக்கு ஒருபக்கம் வண்டி நிற்பது தொந்தரவு. இரண்டு பக்கமும் நின்றால் ஆபத்து.

அடுத்து மண்டபத்து இடம். அது ஒரு மா நிலம். பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நம் தஞ்சாவூர்ப் பக்கக் கணக்கில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, அதாவது 144 சதுர அடி, ஒரு குழி. நூறு குழி ஒரு மா. கட்டட விதிகளில் ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்று கணக்கு வைக்கிறார்கள். அது ஏறக்குறைய 135 சதுர அடி. கிட்டத்தட்ட ஒரு குழி. ஆனால் கார் வானத்திலிருந்து இறங்கி நிற்காதே. உள்ளே வர, திரும்ப, வெளியே போக வழி வேண்டும். அதையும் சேர்த்தால் காருக்கு இரண்டு குழி.

அறுநூறு பேரில் பாதிப் பேர் பஸ், வேன், ஆட்டோவில் வருவார்கள். நூறு பேர் டூவீலர். மீதி இருநூறு பேர், காருக்கு நாலு பேர் என்றால் ஐம்பது கார். ஐம்பது காருக்கு நூறு குழி. நூறு குழி என்பது ஒரு மா. மண்டபமே கட்டாமல் மொத்த இடத்தையும் வெறும் தரையாக விட்டால்தான் மண்டபத்துக்கு வருகிற கார்கள் அடங்கும்!

கணக்கு தப்பாக இருக்குமோ என்று எனக்கே சந்தேகம். வீட்டிலிருந்தே போட்டது அல்லவா. அதனால் ஆவணியில் ஒரு திங்கட்கிழமை முகூர்த்தத்தன்று, ஊரில் ஏற்கெனவே இருக்கிற ஒரு மண்டபத்துக்கு எதிரே, தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் நோட்டோடு போய் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம். அதிகாலை முகூர்த்தம் இல்லையென்றால் அநேகமாக ஒன்பதிலிருந்து பத்தரைதான். வருகிறவர்கள் எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள் வந்து குவிகிறார்கள். அதே நேரம்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரம். அன்று நான் எண்ணியது 46 கார், 5 வேன், 2 பஸ். டூவீலர் எண்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. மண்டபத்து உள்ளே நின்ற கார்கள் 14. உள்ளே இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது, ஆனால் அங்கே ஜெனரேட்டரும் தண்ணீர் லாரியும் சமையல் சாமான் வண்டியும் நின்றன. இரண்டாம் வகுப்பு படிக்கிற மாதிரி ஒரு பெண் குழந்தை, முதுகில் பையோடு, பஸ்ஸுக்கும் சாக்கடைக்கும் நடுவில் பக்கவாட்டில் நடந்து போனாள். அவளைப் பார்த்த பிறகு நோட்டை மூடிவிட்டேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு 2004 ஜூலை 16ஐ ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. தொண்ணூற்று நாலு பிள்ளைகள். அன்று காலை நான் நம் பள்ளியில் வகுப்பில் இருந்தேன். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு இந்த ஊரில் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் நான் முதலில் பார்ப்பது, ஏதாவது ஆனால் வெளியே போக வழி எது, உதவி உள்ளே வர வழி எது என்பதைத்தான். பள்ளிக்கூடம் இருக்கிற தெருவை ஒரு மணி நேரம் அடைத்து வைப்பதை வெறும் அசௌகரியம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இந்த நோட்டை எடுத்துக்கொண்டு நான் அவன் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தேன். அதற்குள் அவனே வந்துவிட்டான். திண்ணையில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான். அந்தக் காலத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் நிற்பானே, அதே மாதிரி.

"டீச்சர், நீங்களும் கையெழுத்துப் போடப் போறீங்களா?"

"முதல்ல உட்காருப்பா. காபி குடி. இந்தக் கணக்கைப் பாரு."

முழுவதையும் பொறுமையாகப் பார்த்தான். "ரூல்ஸ்ல கேக்கிற பார்க்கிங்கை பிளான்ல காட்டியிருக்கேன் டீச்சர்" என்றான். 2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, கட்டடம் எதற்கு, தளப்பரப்பு எவ்வளவு என்பதை வைத்து வண்டி நிறுத்த இடம் விட வேண்டும். அதைச் சரிபார்ப்பது மாநகராட்சியின் வேலை, என் வேலை அல்ல. நான் சொன்னேன், "ரூல்ங்கிறது பாஸ் மார்க்குப்பா. முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சு வாங்கினா போதும்னு உனக்கு நான் சொல்லிக் குடுத்தேனா? அதுவும் இல்லாம, பிளான்ல இருக்கிற இந்த நாலு கார் இடத்துலதானே சமையல் லாரி நிக்கும்? இந்த மூணுல ஜெனரேட்டர்?" சிரித்துவிட்டான்.

பிறகு அவன் சொன்ன இரண்டு விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று, "கடன் வாங்கிக் கட்டுறேன் டீச்சர். ஹாலை முந்நூறு சீட்டா குறைச்சா வாடகையும் பாதியாயிடும், வட்டி கட்ட முடியாது." இரண்டாவது, "மனு எழுதினாங்களே, அவங்க வீட்டுக் கல்யாணமெல்லாம் எங்க டீச்சர் நடந்துச்சு? வேற ஒரு தெருவுலதானே? அங்கயும் இதே மாதிரி வீடுங்க இருந்துச்சே."

அவன் என் மகள் கல்யாணத்தை மனதில் வைத்துச் சொல்லவில்லை. அந்தக் கதை அவனுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் எனக்குத்தான் காபி தொண்டையில் இறங்கவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து வேறு ஒரு கடிதம் எழுதினேன். "வரவே கூடாது" என்று அல்ல. வந்தால் எப்படி வர வேண்டும் என்று. அதில் ஐந்து கோரிக்கை.

ஒன்று. கீழ்த்தளம் முழுவதும் வண்டிகளுக்கு மட்டும். சாப்பாட்டுக் கூடம் முதல் மாடி, ஹால் இரண்டாம் மாடி, வயதானவர்களுக்கு லிப்ட். படிக்கட்டு, லிப்ட், ஜெனரேட்டர் இடம் போக நாற்பது கார் நிற்கும்.

இரண்டு. பஸ், வேன் எதுவும் தெருவுக்குள் வரக்கூடாது. மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு திடலை வாடகைக்கு எடுத்து அங்கே நிறுத்த வேண்டும். 2016 மகாமகத்தின்போது ஊருக்கு வெளியே தற்காலிகப் பஸ் ஸ்டாண்டு போட்டு, அங்கே இறங்கித்தானே அத்தனை ஜனமும் வந்தது? நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. 2028ல் மறுபடியும் செய்யத்தான் போகிறோம்.

மூன்று. பள்ளி நாட்களில் காலை எட்டரையிலிருந்து ஒன்பதரைவரை சாமான் ஏற்றி இறக்கும் வண்டி எதுவும் தெருவில் நிற்கக்கூடாது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் தெரு முழுவதையும் அடைக்கக்கூடாது.

நான்கு. பள்ளிக்கூடப் பக்கம், அதாவது தெருவின் ஒரு பக்கம் முழுக்க, வண்டி நிறுத்தக் கூடாத இடமாக மாநகராட்சியும் போலீசும் அறிவிக்க வேண்டும். முகூர்த்த நாட்களில் மண்டபத்துச் செலவில் இரண்டு காவலாளிகள். முகூர்த்த நாள் எதுவென்று தினக் காலண்டரிலேயே இருக்கிறது. வருடம் முழுவதுக்கும் இன்றைக்கே தேதி குறித்துவிடலாம்.

ஐந்து. மண்டபம் திறந்த பிறகு ஒரு முகூர்த்த நாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல், தீயணைப்பு வண்டியைத் தெருவுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அது பள்ளிக்கூடம்வரை போனால்தான் உரிமத்தைத் தொடர வேண்டும்.

இந்தக் கடிதத்தில்தான் நான் முதல் கையெழுத்துப் போட்டேன். நாற்பத்தொரு வீட்டில் இருபத்தாறு வீடு போட்டிருக்கிறது. மற்றவர்கள் பழைய மனுவோடு நிற்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். "இன்னைக்கு ஒத்துக்குவான், நாளைக்கு கீழ்த்தளத்தையும் பந்தி போட விட்டுருவான்" என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஊரில் அப்படி மாறின மண்டபங்களை நானே பார்த்திருக்கிறேன். எதிர்வீட்டு அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். முப்பது வருடம் கோலப்பொடி வாங்கிக் கொடுத்துக்கொண்ட வீடு. காலையில் வாசல் தெளிக்கும்போது இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறோம். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அவனும் பாதிதான் சம்மதித்திருக்கிறான். ஒன்று, மூன்று, நான்கு சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டான். புதுப் பிளான் போடுகிறார்கள். திடல் வாடகைக்கு எடுப்பதைப் பற்றி "பார்க்கிறேன் டீச்சர்" என்கிறான். ஐந்தாவதைக் கேட்டு முகம் சுருங்கிப் போனான். அறுநூறு சீட்டைக் குறைக்க மாட்டான். முடிவு மாநகராட்சியின் கையில்.

இதைப் படிக்கிற நீ கோபப்படாதே தம்பி. உன் மண்டபத்தில் முதல் கல்யாணம் நடக்கும்போது நான் வந்து முன் வரிசையில் உட்காருவேன். ஆனால் காலையில் எட்டரைக்கு நம் பள்ளிக்கூட வாசலில் நின்று தெருவைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

மற்ற பிள்ளைகளுக்கும் சொந்தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தையில் நம் குடும்பத்திலேயே இரண்டு கல்யாணம் இருக்கிறது. மண்டபம் பார்க்கப் போகும்போது ஏசி, ரூம், சமையல்காரர் எல்லாம் விசாரிப்பீர்கள். அதோடு வண்டிகள் எங்கே நிற்கும் என்றும் கேளுங்கள். பிளானைக் காட்டச் சொல்லாதீர்கள், இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே தெருவிலிருந்து கிளம்புகிறவர்கள் நாலு காருக்குப் பதில் ஒரு வேனில் வாருங்கள். மைக்கில் வண்டி நம்பர் சொன்னால், பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருந்தாலும் எழுந்து போங்கள். பாயசம் எங்கேயும் போகாது.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. போன வியாழக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். மூத்த மகன் இருந்தார், அவருக்கே இப்போது அறுபது வயதுக்கு மேல். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவருக்கு எங்கள் கல்யாணம் என்று தனியாக ஞாபகம் இல்லை. "அந்த நாற்காலியில அப்பாவை மூணு தடவை தூக்கியிருக்கோம்மா, எந்தக் கல்யாணம்னு தெரியல" என்றார். அவர் சம்சாரம் மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் டீச்சர்